“முதல் எழுத்து மட்டும் சொல்லு பாப்பா!”

தினமும் காலை 7.10-க்கு என் போன் அடிக்கும். கும்பகோணத்திலிருந்து வீடியோ கால். எடுத்ததும் முதலில் வீட்டு உத்தரம் தெரியும். பிறகு ஃபேன். அதற்குப் பிறகு தாத்தாவின் பாதி நெற்றி. போனை எப்படிப் பிடித்தால் முகம் தெரியும் என்பது அம்மாச்சிக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியாக, நான்காக மடித்த பேப்பர் ஒன்று கேமரா முன்னால் வந்து நிற்கும். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். அன்றைய குறுக்கெழுத்து.

“ரெடியா?” என்பார் தாத்தா.

நமக்கு அது சாதாரண வார்த்தை. அதைத் தடுமாறாமல் சொல்ல அவருக்கு நாலு மாதம் ஆனது.

ஓடும் பஸ்ஸில் ஒரு புதிர்

தாத்தா ரிட்டயர்டு கண்டக்டர். 31 வருட சர்வீஸில் பெரும்பகுதி கும்பகோணம் - தஞ்சாவூர் ரூட்தான். காதில் ஒரு பேனா, விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்த ரூபாய் நோட்டுகள், தோல் பையில் டிக்கெட் கட்டுகளோடு அன்றைய பேப்பர். பேப்பரைப் பிரித்ததும் நேராகக் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போய்விடுவார். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம்தான்.

தனியாக உட்கார்ந்து போடுகிற ஆளும் இல்லை. எல்லோருக்கும் டிக்கெட் போட்டு முடித்ததும் பின்படிக்கட்டு கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கேட்பாராம்.

“மீன்ல ஒரு வகை. மூணு எழுத்து. நடுவுல ‘ரா’!”

கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்கார அம்மா ‘வி’ என்று ஆரம்பித்துக் கொடுப்பார். ‘விரால்’ என்று தாத்தா முடிப்பார். இலக்கியம் என்றால் அய்யம்பேட்டையில் ஏறும் தமிழ் வாத்தியார். சினிமா என்றால் காலேஜ் பசங்க. கோயில், திருவிழா என்றால் முன் சீட்டு பாட்டிகள். “தஞ்சாவூர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். மிச்சம் இருந்தா திரும்பி வர்ற ட்ரிப்புல முடிஞ்சிடும்” என்பார் அம்மாச்சி.

ஆனால், ஒரு கண்டிஷன். முழு விடையை யாரும் சொல்லக் கூடாது. “வார்த்தைய சொல்லாதீங்க சார்... முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் புடிச்சிக்கிறேன்.” அவசரப்பட்டு முழுசாகச் சொல்லிவிட்டவர்களுக்குத் தாத்தா சில்லறை பாக்கி கொடுக்க மாட்டார் என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்களாம்.

எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே அந்தக் கட்டங்களில்தான். லீவுக்குக் கும்பகோணம் போனால், மடியில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டுவார். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம். ‘பட்டம்’ என்றால் ப, ட், ட, ம். நாலு கட்டம். ‘க’ வர வேண்டிய இடத்தில் ‘கா’ வந்தால் பக்கத்து வார்த்தை கெட்டுப்போகும். ஆங்கிலத்தில் இந்த விளையாட்டை 26 எழுத்துகளோடு ஆடுகிறார்கள். நமக்கு 247. இரண்டு வார்த்தைகள் ஒரே எழுத்தில் சரியாக முட்டிக்கொள்வது இங்கே அவ்வளவு சுலபமில்லை.

அதனால்தானோ என்னவோ, தமிழ்க் குறுக்கெழுத்துக்கென்றே சில குறும்புகள் உண்டு. நீங்களும் போட்டுப் பார்த்திருப்பீர்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமில்லாமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் வரும். ‘கூத்து, தலையில்லை’ என்று குறிப்பு இருந்தால், ‘ஆட்டம்’ என்பதில் ‘ஆ’வை விட்டுவிட்டு மிச்சத்தை நிரப்ப வேண்டும். ‘மணக்கும் பூ, கலைந்துள்ளது’ என்றால் ‘மல்லிகை’யின் நாலு எழுத்தும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

இந்தக் குறும்புகளை இவ்வளவு விவரமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

கீழே விழுந்த பேனா

போன வருடம் ஆடி மாதம். காலை ஆறரை மணி. திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த தாத்தாவின் கையிலிருந்து பேனா விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. காபி கொண்டுவந்த அம்மாச்சி, வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைப் பார்த்து “என்னங்க?” என்றிருக்கிறார். பதிலுக்குத் தாத்தா சொன்னது, “டிக்கெட்... டிக்கெட்...”

பித்த மயக்கமாக இருக்கும் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார் அம்மாச்சி. வயலுக்குப் போயிருந்த மாமா வந்து பார்த்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மருத்துவமனை போய்ச் சேரும்போது மணி ஒன்று.

பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் அந்த நேரத்தைத் தாண்டியிருந்தோம். அம்மாச்சி இன்றைக்கும் வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை.

இதைப் படிக்கும் யாருக்காவது உதவும் என்பதால் சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் தொய்ந்தால், பேச்சு குழறினால், நேரம் என்ன என்று கடிகாரத்தைப் பாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறனும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

நான் சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வலது கை, வலது கால் வரவில்லை. டாக்டர் என்னைக் காட்டி, “யாரு ஐயா இது?” என்று கேட்டார். தாத்தா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, சந்தேகமே இல்லை. கண்ணில் தண்ணீர். வாய் திறந்து, “டிக்கெட்” என்றார்.

பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனித்துக்கொள்வது மூளையின் இடது பக்கம். அங்கே அடிபட்டால் பேசுவது, சில சமயம் எழுதுவது, படிப்பது, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது எல்லாமே சிக்கலாகும். அஃபேசியா என்கிறார்கள். ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் மிஞ்சி, எதற்கெடுத்தாலும் அதுவே வருவதும் உண்டாம். 31 வருடம் சொன்ன சொல் தாத்தாவுக்கு மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும் டிக்கெட். வலிக்கிறது என்றாலும் டிக்கெட்.

இரண்டு வாரம் கழித்து வேறு வார்த்தைகள் மெல்ல வர ஆரம்பித்தன. வந்த விதம்தான் எங்களைத் திகைக்கவைத்தது. ‘தண்ணி’ என்பது ‘ண்ணி’ என்று வந்தது. தலையில்லை. ‘வாசல்’ என்பது ‘சாவல்’ என்று வந்தது. கலைந்துள்ளது. அத்தனை வருடம் அவர் பேப்பரில் போட்ட புதிர், அவர் வாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

நான் செய்த உதவி

அலுவலகத்தில் கேட்டு, ஒரு மாதம் கும்பகோணத்திலிருந்தே வேலை பார்த்தேன். எனக்கு டிஜிட்டல் டெஸ்க். செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் அது வாசகர் போனில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றைத் தேடி வருபவருக்கு, விடை முதல் பத்தியிலேயே கிடைக்க வேண்டும். ஆங்கில வார்த்தை விளையாட்டு ஒன்றின் ‘இன்றைய விடை இதுதான்’ என்று தினமும் காலையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நன்றாகப் படிப்பார்கள். அந்த வேகம் எனக்குப் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தாத்தா இடது கையால் பேப்பரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். குறுக்கெழுத்துப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். குறிப்பைப் படித்தேன். அவர் வாயைத் திறந்தார். நான் விடையைச் சொல்லி எழுதினேன். அடுத்தது. அவர் கையை ஆட்டினார். ‘உங்களுக்குத் தெரியும் தாத்தா, இதுதானே?’ என்று எழுதினேன். தெரியாத இரண்டை போனில் தேடினேன். மொத்தம் எட்டு நிமிடம். ஒரு கட்டம் பாக்கியில்லை.

“முடிச்சாச்சு தாத்தா!” என்று அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் கட்டங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேப்பரை மெதுவாகக் கட்டிலின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நான்கு நாளும் பேப்பர் வந்தது. பிரிக்காமலேயே பழைய பேப்பர் கட்டில் சேர்ந்தது. சோர்வாக இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அதற்குள் பேசுவதற்கும் அவரை நாங்கள் யாரும் விட்டுவைக்கவில்லை என்பதை இப்போது யோசித்தால் புரிகிறது. அவர் ‘கா’ என்று ஆரம்பிப்பதற்குள் நான் “காபியா?” அம்மா “கால் வலிக்குதா?” மாமா “காத்து வேணுமா, ஃபேன் போடவா?” ஆளாளுக்கு ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஏலம் கேட்பது போல நின்றோம். பாசத்தில்தான் செய்தோம். அவருக்கோ வாயைத் திறக்கவே வேலையில்லாமல் போய்விட்டது.

“எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?”

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுத்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். தாத்தா எதிரே ஒரு சாவியை வைத்து, “இது என்னங்க ஐயா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். தாத்தா திணறினார். பழக்க தோஷம், நான் “சா...” என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

அன்றைக்கு வெளியே வந்து எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவருக்கு வார்த்தை அழிஞ்சுபோகலைங்க. உள்ளதான் இருக்கு. எடுத்துட்டு வர்ற பாதைதான் அடைபட்டிருக்கு. நடக்க நடக்கத்தான் அது சரியாகும். நீங்க வார்த்தைய எடுத்துக் கையில குடுத்துட்டா, அவர் எதுக்கு நடக்கணும்?”

“எவ்வளவு நேரம் காத்திருக்கணும் மேடம்?”

“உங்களுக்குப் போதும்னு தோணும்ல? அதுக்கு மேல இன்னும் கொஞ்சம்.”

பிறகு ஒரு வரிசை சொல்லிக்கொடுத்தார். முதலில் காத்திருப்பது. வரவில்லை என்றால், அந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்துவோம் என்று பேச்சுக் கொடுப்பது. கையால் செய்து காட்டச் சொல்வது. அதற்கும் வரவில்லை என்றால், ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு முடிக்கச் சொல்வது. எதுவும் உதவவில்லை என்றால், கடைசியாக...

“முதல் எழுத்தோட சத்தத்தை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை அவர் பிடிச்சுப்பார்.”

பக்கத்தில் நின்ற அம்மாச்சி சட்டென்று என் கையைப் பிடித்தார். “ஏ பாப்பா... இதத்தானடி அந்த மனுசன் பஸ்ஸுல சொல்லிட்டுக் கெடந்தாரு!”

வீடு வரும்வரை ஆட்டோவில் நான் எதுவும் பேசவில்லை. தனக்கு எப்படி உதவ வேண்டும் என்று 31 வருடம் ஊருக்கே சொன்ன மனிதர். சின்ன வயதில் மடியில் உட்கார்ந்து கேட்டவள் நான். அவருக்கு நிஜமாகவே தேவைப்பட்ட நேரத்தில், முழு விடையையும் வாயில் திணித்திருக்கிறேன்.

உரலுக்கு ஜோடி

மறுநாள் டி.வி-யை அணைத்தோம். நான் போனை வேறு அறையில் சார்ஜில் போட்டேன். தாத்தா பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்தேன். “நான் எழுதுறேன். நீங்க சொன்னாதான் எழுதுவேன்” என்றேன். நம்பாமல்தான் பார்த்தார்.

இடமிருந்து வலம், 6. ‘உரலின் ஜோடி’. நாலு எழுத்து.

படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தாத்தாவின் இடது கை எழுந்தது. எதையோ பிடித்துத் தூக்கி, கீழே இடித்தது. மறுபடி தூக்கி, மறுபடி இடித்தது. தெரியும் அவருக்கு. உருவம், கனம், சத்தம் எல்லாம் தெரியும். பெயர் மட்டும் வரவில்லை. “இது... இது...” நெற்றியில் வியர்த்தது. என் தொண்டையில் விடை உட்கார்ந்துகொண்டு முட்டுகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் என்று நினைத்தேன். நான்கு ஆகியிருந்தது.

“எதுக்கு தாத்தா அது?”

“நெல்... நெல்லு... குத்த...”

“அம்மாச்சி உரல்ல நெல்லப் போட்டுட்டு, கையில எத எடுத்துச்சு?”

கை இடித்தது. வார்த்தை வரவில்லை. அம்மாச்சி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கே சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

“உ...” என்றேன். அவ்வளவுதான்.

“உ...” என்றார். “உ... ல... ஒலக்க!”

ஒலக்கை என்று சொன்னதை உலக்கை என்று கட்டத்தில் எழுதினேன். உ, ல, க், கை. மேலிருந்து கீழ் வந்திருந்த ‘பலகை’யின் ‘ல’வோடு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தாத்தா அந்தக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். “ஒலக்க” என்று அம்மாச்சியிடம் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து தயிர் வாங்க வந்த அக்காவிடமும் சொன்னார். அன்றைக்கு நாங்கள் போட்டது அந்த ஒரு வார்த்தைதான். 12 நிமிடம் ஆனது.

12 நிமிடம் என்பதற்குக் குறுக்கெழுத்துச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942 ஜனவரியில், லண்டனின் ‘டெய்லி டெலிகிராஃப்’ பத்திரிகை தன் அலுவலகத்தில் ஒரு போட்டி வைத்தது. முழுக் குறுக்கெழுத்தையும் 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் கலந்துகொண்ட சிலருக்குப் பின்னர் ராணுவத்திடமிருந்து அழைப்பு வந்தது. எதிரிகளின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கும் பிளெட்ச்லி பார்க்கில் வேலை. மூளையின் வேகத்தை அளக்க அவர்களுக்கு 12 நிமிடம். எங்களுக்கு ஓர் உலக்கைக்கு 12 நிமிடம். அவர்களும் ரகசியச் செய்தியைத்தான் உடைத்தார்கள். நாங்களும்தான்.

பாபநாசம் வழியாக

அதன் பிறகு தினமும் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை என்று ஏறியது. சில நாள் ஒன்றும் வராது. கோபத்தில் பேனாவைத் தட்டிவிடுவார். அப்போது பேப்பரை மடித்துவைத்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்து வந்துவிடுவேன்.

நான் சென்னை திரும்புவதற்கு முந்தின நாள். ‘பாவம் தொலைக்கும் தஞ்சை மாவட்ட ஊர்’. ஐந்து எழுத்து. தெரியும் என்று தலையாட்டினார். வாயில் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த எந்தக் குறிப்பும் உதவவில்லை. முதல் எழுத்தைச் சொல்ல வாயெடுத்தேன். “இரு” என்று கையைக் காட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டார். உடம்பு லேசாகப் பின்னால் சாய்ந்தது, கம்பியில் சாய்கிற மாதிரி.

“தாராசுரம்... தாராசுரம்” என்றார். குரலே வேறு மாதிரி இருந்தது. “சுந்தரபெருமாள்கோயில்... எறங்கு எறங்கு... பாபநாசம்!”

கண்ணைத் திறந்தார். “பாபநாசம்!”

திணறல் இல்லை, குழறல் இல்லை. தனியாகக் கேட்டால் வராத பெயர், வரிசையில் போனால் வந்துவிட்டது. அதோடு நிற்கவுமில்லை. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோயில் என்று தஞ்சாவூர்வரை போய்த்தான் வண்டி நின்றது.

பேச்சுப் பயிற்சியாளரிடம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. எண்கள், கிழமைகள், பாட்டு, சாமி ஸ்லோகம் என்று வரிசையாக மனப்பாடமானவை, அஃபேசியா வந்தவர்களிடமும் பல சமயம் தப்பிப் பிழைத்திருக்கும் என்றார். “ஐயாவோட வரிசை அவரோட ரூட்டு. நல்லா பயன்படுத்துங்க.” அந்தக் குறிப்பை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை. அவராகவே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறுக்கெழுத்து போட்டதால் பக்கவாதம் குணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மருந்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இன்றும் தொடர்கின்றன. வலது கை இன்னும் முழுசாக வரவில்லை. புது ஆட்கள் பேசினால் பதறிவிடுகிறார். ஆனால், தினமும் ஒரு மணி நேரம் வார்த்தைகளைத் தேடி நடப்பதற்கு அவருக்குப் பிடித்த ஒரு பாதை கிடைத்திருக்கிறது.

‘நம்ம டிபார்ட்மென்ட்டு!’

இப்போது எல்லாம் வீடியோ காலில்தான். கட்டத்தை அவரே இடது கையால் நிரப்புகிறார். ‘ல’ பக்கத்துக் கட்டத்தில் பாதி ஏறியிருக்கும். ஆனாலும், அவர் எழுத்து.

டிசம்பர் 21 குறுக்கெழுத்தின் பிறந்த நாள் என்பதால் அலுவலகத்தில் ஒரு சின்னக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதியதைத் தாத்தாவுக்குப் படித்துக்காட்டினேன். 1913-ல் அதே தேதியில் ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு புதிர் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வேர்ட் கிராஸ்’. சில வாரங்களில் அச்சில் பெயர் முன்பின்னாக மாறி ‘கிராஸ் வேர்ட்’ ஆகிவிட்டது. அதுவே நிலைத்துவிட்டது.

“கலைஞ்சி... இருக்கு” என்று சிரித்தார் தாத்தா.

இன்னொரு செய்தியும் சொன்னேன். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 1971-ல் குறுக்கெழுத்து தொடங்கியபோது, அதை உருவாக்கிக் கொடுத்தவர் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர். இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். கப்பல், கடல் என்று கேட்கும்போதெல்லாம் சும்மா இருந்த தாத்தா, போக்குவரத்துக் கழகம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம... டிபார்ட்... மென்ட்டு!”

போன மாதம் ஒரு நாள் ஆட்டம் தலைகீழாகிவிட்டது. ‘அந்தக் காலத்தில் நெல் அளந்தது’. ஐந்து எழுத்து. கடைசி எழுத்து ‘ல்’. தாத்தா உடனே சிரித்துவிட்டார். விடை தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. ‘படி’ என்றால் இரண்டு எழுத்து. போனில் தேடலாம்தான். ஆனால், அந்த போனில்தான் தாத்தா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“சொல்லுங்க தாத்தா.”

மாட்டேன் என்று தலையாட்டினார். காத்திருந்தார். இடது உள்ளங்கையால் எதையோ குவித்து, மேலே தடவிச் சமப்படுத்திக் காட்டினார். எனக்குப் பிடிபடவில்லை.

“ம” என்றார்.

“மண்வெட்டி?”

“ல்...ல முடியணும். அதுல... அளப்பியா?” அம்மாச்சி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

“ம... ர” என்றார், இரக்கப்பட்டு இன்னோர் எழுத்து. எப்போதோ பள்ளிக்கூடத்தில் படித்தது எங்கோ அசைந்தது. மர... மரக்... “மரக்கால்!”

இடது கை விரல்களை விரித்து ஐந்து காட்டினார். மடக்கி, மறுபடி விரித்து நான்கு. ஒன்பது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால்...

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. பேசும்போது டி.வி, போன் சத்தத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள்.

2. அவர் ஆரம்பித்த வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு உதவுங்கள்.

3. காது நன்றாகக் கேட்கும் என்றால் கத்திப் பேச வேண்டாம். குழந்தையிடம் பேசுவது போலவும் வேண்டாம். போனது வார்த்தைதான், அறிவு இல்லை.

4. கை ஜாடை, படம், எழுத்து எதுவும் பேச்சுதான். அவர் எந்த வழியில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. அவருக்குப் பிடித்த வேலை எதுவோ, அதற்குள்ளேயே பேச்சைத் தேடுங்கள். சமையல், சீட்டாட்டம், பாட்டு, வழக்கமாகப் போன ரூட் என எதுவாகவும் இருக்கலாம்.

6. பேச்சுப் பயிற்சியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மாதங்கள் கழித்தும் முன்னேற்றம் வரும்.

இன்று காலை குறுக்கெழுத்து சீக்கிரமே முடிந்துவிட்டது. “வைக்கவா தாத்தா?” என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு நான் பாப்பாதான். அதனால், அன்று மருத்துவமனையில் டாக்டர் கேட்டதற்குப் பிறகு என் பெயர் அவர் வாயில் வரவே இல்லை என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்திருந்தேன். கேட்டதில்லை. அவரும் கவனித்திருக்கிறார் போல.

“உன்... பேரு” என்றார். உதடு குவிந்தது. முதல் எழுத்து வந்தது. சரியான எழுத்து. அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து அம்மாச்சி ஏதோ சொல்ல வந்தார்.

“சொல்லாத!” என்றார் தாத்தா. தெளிவாக, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

நானும் சொல்லவில்லை. போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். எட்டு மணிக்கு ஷிஃப்ட். நேரம் இருக்கிறது.